‘உங்கள் மீது வழக்கு உண்டா?’: உள்ளாட்சி வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

வாடிப்பட்டியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பப் பிள்ளைகள் வருவார்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண் என்று மளமளவென்று போகிற பேனா ஓரிடத்தில் நின்றுவிடும். ‘உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் பதிவாகியுள்ளதா? நிலுவையில் உள்ளதா? தண்டனை பெற்றுள்ளீர்களா?’ என்று கேட்டிருக்கும். எதிரே ‘ஆம் / இல்லை’. பேனாவை மூடிவிட்டு, “அண்ணே, இதுல என்ன போடுறது?” என்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் சொந்த வழக்கில் முடிவெடுக்கும் முன்பு காகிதங்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

இந்தக் கேள்வி எந்தெந்த வேலைக்கு வரும்?

ஊராட்சி செயலாளர், ஒன்றிய அலுவலகத்தில் அலுவலக உதவியாளர், ஜீப் ஓட்டுநர், இரவுக் காவலர், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பணியிடங்கள் என்று எல்லாவற்றுக்கும் வரும். குரூப் 4 எழுதி வருகிற இளநிலை உதவியாளர், வரித் தண்டலர் பணிக்கும் உண்டு. கிராம உதவியாளர் வேலை உள்ளாட்சி இல்லை, வருவாய்த் துறை. ஆனாலும் கேள்வி அதேதான்.

இரண்டு தடவை கேட்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் விண்ணப்பத்தில். தேர்வான பிறகு சரிபார்ப்புப் படிவத்தில் மறுபடியும். அந்தப் படிவம்தான் உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்குப் போகும். இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. முதல் பதிலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் புதிதாக ஒரு வழக்கு வந்துவிட்டால், கேட்கும்வரை காத்திருக்காமல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டார்கள். அது வழக்கா?

பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுத்து, அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்கியதற்கான ரசீது, மட்டும் போட்டு, இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடித்திருந்தால் அது வழக்கு ஆகாது. அது மனு விசாரணை. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., போட்டிருந்தால்தான் வழக்கு பதிவானதாக அர்த்தம்.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு, விசாரித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று கைவிட்டிருந்தால் அது வேறு கதை. வழக்கைக் கைவிட்டோம் என்று புகார் கொடுத்தவருக்கு ஆர்.சி.எஸ். என்கிற நோட்டீஸ் வந்திருக்கும். உங்கள் படிவம் ‘பதிவாகியுள்ளதா’ என்று கேட்டால், கைவிடப்பட்ட வழக்கையும் சொல்ல வேண்டும். ‘நிலுவையில் உள்ளதா’ என்று மட்டும் கேட்டால், இல்லை என்பது உண்மையான பதில். படிவத்தின் வார்த்தையை விரல் வைத்துப் படியுங்கள். பாதிப் பேர் கேள்வியை முழுசாகப் படிக்காமலே பயந்துவிடுகிறார்கள்.

வழக்கு இருந்தாலே வேலை கிடையாதுதானே?

இல்லை. உள்ளாட்சி வேலையைப் பொறுத்தவரை வழக்கு ஒன்று இருக்கிறது என்பதாலேயே கதவு சாத்தப்படுவதில்லை. என்ன குற்றம், எப்போது நடந்தது, அப்போது உங்களுக்கு என்ன வயது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, நீங்கள் கேட்கிற வேலை என்ன, இதையெல்லாம் பார்த்துத்தான் நியமன அதிகாரி முடிவெடுக்க வேண்டும். கையாடல் வழக்கு உள்ளவரை வரி வசூலுக்கு வைக்க யோசிப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தெருச் சண்டை வழக்கு உள்ள ஒருவர் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதற்கு அந்த வழக்கு எந்த விதத்தில் குறுக்கே நிற்கிறது என்று அதிகாரி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல், காவல் நிலைய அறிக்கையில் வழக்கு எண்ணைப் பார்த்ததுமே கோப்பை மூடுகிற பழக்கம் இருக்கிறது. அது தவறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உண்மையைச் சொல்லிவிட்டேன், அதனால் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கேட்க முடியாது. பரிசீலிக்கிற அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

‘இல்லை’ என்று போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாலமேட்டுப் பக்கம் ஒரு பையன். அவன் ஊர்த் திருவிழாவில் முளைப்பாரி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தகராறு. இரண்டு தரப்பிலும் கேஸ். பதினோரு பேர் பெயர் கொடுத்ததில் இவன் ஏ7, அதாவது ஏழாவது எதிரி. கெட்ட வார்த்தை பேசியது, கையால் அடித்தது, மிரட்டியது என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294 (பி), 323, 506 (1) பிரிவுகள். பிற்பாடு ஊரே சமாதானமாகி, அடுத்த வருடம் ஒன்றாகவே திருவிழா கொண்டாடியது. நீதிமன்றத்தில் வழக்கு மட்டும் நகராமல் கிடந்தது. ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் உதவியாளர் வேலைக்கு இவன் விண்ணப்பம் போட்டபோது, கூட இருந்த ஒருவர், “அதெல்லாம் யாரு பாக்கப் போறா, இல்லைன்னு போடு” என்றிருக்கிறார். போட்டான். வேலையும் கிடைத்தது. அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, மஞ்சப்பையிலிருந்து நியமன ஆணையை எடுத்தான். லேமினேட் செய்து வைத்திருந்தான். அதன் மேலேயே ரத்து உத்தரவை வைத்தான். அதில் திருவிழாச் சண்டையைப் பற்றி ஒரு வரி விமர்சனம் இல்லை. ‘உண்மைத் தகவலை மறைத்த காரணத்தால்’ என்றுதான் இருந்தது. சண்டையால் போகாத வேலை, ஒரு டிக் அடித்ததால் போனது.

சரிபார்ப்பு என்றால் தனிப்பிரிவு ஏட்டு ஊருக்கு வந்து நாலு பேரிடம் கேட்பதோடு முடிந்துபோகிற காலம் இல்லை இது. எல்லா நிலையத்து எஃப்.ஐ.ஆர்.களும் கணினியில் இருக்கின்றன. பெயரும் அப்பா பெயரும் போட்டால் வந்துவிடும்.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016 ஜூலை 21 அன்று ஒரு தீர்ப்பு சொன்னது. அவதார் சிங் வழக்கு என்பார்கள். நாடு முழுக்க இன்றைக்கும் அதைத்தான் அளவுகோலாக வைத்துப் பார்க்கிறார்கள். அது சொன்னதன் சாரம்: வேலை கொடுப்பவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்; மறைத்தால் நியமனத்தை ரத்து செய்யலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ரத்து செய்யக் கூடாது. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கு என்றால், மறைத்ததைக்கூட மன்னிக்கலாம். நிலுவையில் உள்ள பல வழக்குகளை வேண்டுமென்றே மறைத்திருந்தால் மன்னிக்க வேண்டியதில்லை. அப்புறம், படிவம் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். மூடுமந்திரமாகக் கேட்டுவிட்டு ‘மறைத்தாய்’ என்று குற்றம் சொல்லக் கூடாது. பணி வரன்முறை ஆனவர் என்றால், துறை விசாரணை நடத்தாமல் வெளியே அனுப்பக் கூடாது.

பாலமேட்டுப் பையனுக்காக இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் ரிட் மனு போட்டிருக்கிறோம். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ‘ஆம்’ என்று எழுதி, கீழே மூன்று வரி விளக்கமும் கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது என்று அவனே சொல்கிறான்.

என் மீது வழக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது சரிபார்ப்பில் வந்திருக்கிறது.

நடக்கிற விஷயம்தான். ‘மற்றும் பலர்’ என்று எஃப்.ஐ.ஆரில் போட்டு, குற்றப் பத்திரிகையில் பெயரைச் சேர்த்திருப்பார்கள். வீட்டுக்குச் சம்மன் வந்திருக்காது. தெரியாமல் இருந்ததை மறைத்ததாகச் சொல்ல முடியாது. மறைப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்று மேலே சொன்ன தீர்ப்பே சொல்கிறது. வழக்கின் தன்மையைப் பார்த்து அதிகாரி முடிவெடுப்பார். சம்மன் சார்பு ஆகவில்லை, அதாவது உங்கள் கைக்கு வந்து சேரவில்லை, என்பதற்கு நீதிமன்றப் பதிவிலேயே ஆதாரம் இருக்கும். அதை நகல் எடுத்து விளக்கத்தோடு சேருங்கள்.

விண்ணப்பம் போடும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்க வசதி இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். முத்துப்பாண்டி, கருப்பசாமி போன்ற பெயர்களை ஒவ்வொரு எழுத்தரும் ஒவ்வொரு விதமாக அடித்திருப்பார்.

விடுதலை ஆகிவிட்டேன். ஆனால் தீர்ப்பில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் காவலர் தேர்விலிருந்து வந்தது. அந்தப் பணிக்கான தமிழ்நாட்டு விதியில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதலாம் என்று இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதை ஊராட்சி, நகராட்சி வேலைக்கும் அப்படியே பொருத்திப் பார்த்துப் பிள்ளைகள் கலங்குகிறார்கள். அது சீருடைப் பணிக்கான விதி.

மற்ற வேலைகளிலும், பெரிய குற்றத்தில் சாட்சிகள் பிறழ்ந்ததால் தப்பித்தவரா, குற்றமே நிரூபணம் ஆகாதவரா என்று அதிகாரி பார்க்கலாம். ‘கௌரவமான விடுதலை’ என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். குற்ற விசாரணைச் சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது, நீதிமன்றத் தீர்ப்புகளில் உருவானது அது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே ஒற்றை வாக்கியத்தை வைத்து முடிவு செய்யாமல், தீர்ப்பை முழுதாகப் படித்துக் காட்டுங்கள். புகார்தாரரே உங்களை அடையாளம் காட்டவில்லை என்றால், அந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துக் கொடுங்கள்.

“ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டுப் போ” என்றார்கள். கட்டினேன். அது தண்டனையா?

ஆமாம், தண்டனைதான். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. நீதிமன்றத்துக்கு நாலு வாய்தா அலைந்து, கூலி வேலையை விட்டுவிட்டு நிற்கிற பையனிடம் யாராவது வந்து, “எஸ்.டி.சி. கேஸ்தான், ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும்” என்பார்கள். எஸ்.டி.சி. என்றால் சுருக்கமாக விசாரித்து முடிக்கிற சின்ன வழக்கு. அவனும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில நூறு ரூபாய் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவான். குற்றவாளி என்று பதிவாகிவிட்டது அவனுக்குத் தெரியாது. ‘தண்டனை பெற்றுள்ளீர்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று வெள்ளை மனதோடு எழுதுவான்.

ஹரியானாவில் ஒரு கடைநிலை ஊழியர் இப்படித்தான் 294-ஆவது பிரிவில் ஒப்புக்கொண்டு 20 ரூபாய் அபராதம் கட்டினார். அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 294-இல் தண்டனை என்பதாலேயே அது ஒழுக்கக்கேடான குற்றம் ஆகிவிடாது என்று 1996-இல் நீதிமன்றம் சொன்னது. அதோடு, இந்த மாதிரிச் சின்ன அபராதங்கள் ஒருவருடைய அரசு வேலையைப் பாதிக்காதபடி நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. என் மனதில் அந்த 20 ரூபாய் நின்றுவிட்டது. யாராவது ‘ஒத்துக்கிட்டா முடிஞ்சிரும்’ என்று சொல்லும்போதெல்லாம் அதைத்தான் சொல்கிறேன்.

ஹெல்மெட் போடாததற்குச் சாலையிலேயே கட்டுகிற ஸ்பாட் ஃபைன் இதில் சேராது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி, நீதிமன்றத்தில் அபராதம் கட்டியிருந்தால் சேரும்.

ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் இருந்தேன். ஊரடங்கில் வண்டியோடு பிடித்தார்கள். அதெல்லாம்?

2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மதுரைத் தமுக்கம் மைதானத்திலும் உட்கார்ந்த பிள்ளைகள் இப்போது முப்பதை நெருங்கி வேலை தேடுகிறார்கள். ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகள், காவலர்களைத் தாக்கியது போன்றவை தவிர, திரும்பப் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே மாதத்தில் ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சத்தைக் கைவிடுவதாகவும் அறிவித்தார். அறிவிப்பு வந்தது என்பதால் உங்கள் வழக்கு தானாகவே முடிந்திருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் எண்ணுக்கு என்ன ஆனது என்று நீதிமன்றத்திலோ ஸ்டேஷன் எழுத்தரிடமோ கேட்டுக் காகிதமாக வாங்குங்கள்.

இன்னொன்று. கூட்டம் கூடிய வழக்குகளில், அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதாகச் சொல்கிற 188-ஆவது பிரிவு இருக்கும். அந்தப் பிரிவில் காவல் துறை தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை 2018 செப்டம்பரில் ஒரு கரூர் வழக்கில் தீர்ப்பளித்து, அந்த வரிசையில் நிறைய வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. உங்கள் வழக்கு அந்த ரகமாக இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள்.

எனக்கு 16 வயதில் நடந்தது. எழுத வேண்டுமா?

18 வயது நிறையும் முன்பு நடந்தது என்றால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆவது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. அதனால் எந்தத் தகுதிக் குறைவும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவேடுகளையே அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். 16 வயதைத் தாண்டி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. சிறு வயது வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் சொல்லியிருக்கிறது. படிவத்தை நிரப்பும் முன்பு வயதுச் சான்றோடு வக்கீலைப் பாருங்கள். ஸ்டேஷன் பதிவேட்டில் உங்கள் வயதை 19 என்று தப்பாகப் போட்டிருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

107 போட்டார்கள். அதுவும் குற்ற வழக்கா?

அமைதிக்குப் பங்கம் வராமல் இருக்கப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது அது. பழைய குற்ற விசாரணைச் சட்டத்தில் 107-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 126. அது தண்டனை ஆகாது. ஆனால் ‘பிணையில் கட்டுப்படுத்தப்பட்டுள்ளீர்களா’ என்று தனியாகக் கேட்கிற படிவங்கள் உண்டு. கேட்டால் சொல்லுங்கள்.

சமாதானமாகப் போய்விட்டோம். வழக்கை முடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, முடித்துவிட்டு விண்ணப்பம் போடுவது எவ்வளவோ மேல். 323 (அடித்தது), 341 (வழிமறித்தது), 506 (மிரட்டியது) போன்ற பிரிவுகளை விசாரணை நீதிமன்றத்திலேயே இரு தரப்பும் இசைந்து முடிக்கலாம். அப்படி முடித்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். 294 (பி), 147 (கலகம் செய்தது), 324 (ஆயுதத்தால் காயப்படுத்தியது) இவற்றில் அப்படி முடியாது. அதற்கு உலகநேரியில் இருக்கிற உயர் நீதிமன்றக் கிளையில் ரத்து மனு போட வேண்டும். புகார்தாரர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டியிருக்கும்.

பெண்களுக்கும், பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே மனு கொடுங்கள்.

‘ஆம்’ போட்டால் கீழே என்ன எழுதுவது?

கதை வேண்டாம், காரணம் வேண்டாம், “என் மீது பொய் வழக்கு” என்றும் வேண்டாம். நான் எழுதிக் கொடுக்கிற மாதிரி இது:

‘இன்ன காவல் நிலையம், குற்ற எண் இவ்வளவு, ஆண்டு இவ்வளவு, இன்னின்ன பிரிவுகள். திருவிழாத் தகராறு தொடர்பாக என் பெயர் ஏழாவது எதிரியாகச் சேர்க்கப்பட்டது. இன்ன நீதிமன்றத்தில் சி.சி. எண் இவ்வளவு. இன்ன தேதியில் விடுதலை செய்யப்பட்டேன். தீர்ப்பின் சான்றிட்ட நகல் இணைத்துள்ளேன்.’

நிலுவையில் இருந்தால், அடுத்த வாய்தா தேதியை எழுதி, எஃப்.ஐ.ஆர். நகலையும் குற்றப் பத்திரிகை நகலையும் வையுங்கள். இணையவழி விண்ணப்பத்தில் இதற்கு இடம் இல்லை என்றால், ‘ஆம்’ போட்டுவிட்டு இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். அந்த ஒப்புகை பின்னால் உங்களைக் காப்பாற்றும். தீர்ப்பு நகல் கிடைக்க நாளாகும், ஆகவே அறிவிப்பு வரும் முன்பே நகல் மனு போட்டுவிடுங்கள்.

அண்ணன் மீது வழக்கு இருக்கிறது. நான் எழுத வேண்டுமா?

வேண்டாம். கேள்வி உங்களைப் பற்றியது.

கேஸ் உள்ளவர் கவுன்சிலராக நிற்கலாம். தொட்டி கழுவுகிற எனக்கு மட்டும் ஏன்?

நியாயமான கோபம். தேர்தலில் நிற்கிறவர் வழக்கு விவரத்தை உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். ஆனால் நிலுவை வழக்கு மட்டுமே அவருக்குத் தடை ஆகாது, வாக்காளர் பார்த்து முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. வேலையில் அந்த முடிவை அதிகாரி எடுக்கிறார்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் இயக்கமே நடந்தது. முதல் விண்ணப்பத்தில் ‘வழக்கு உண்டா’ என்று டிக் அடிக்கிற கட்டமே கூடாது; ஆளைப் பார்த்து, தகுதியைப் பார்த்து, தேர்வான பிறகு கேட்டுக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. ஹவாய் மாநிலம் 1998-லேயே சட்டம் செய்தது. பிறகு பல மாநிலங்கள், நகராட்சிகள் பின்பற்றின. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்றே நினைக்கிறேன். தேர்வுக்குப் பிறகு கேட்டால், பயத்தில் ‘இல்லை’ போடுகிற கை கொஞ்சம் குறையும். அதிகாரியும் வழக்கு எண்ணுக்கு முன்னால் ஆளைப் பார்த்திருப்பார்.

நிராகரித்துவிட்டார்கள். இனி என்ன?

உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னதை வைத்து எதுவும் செய்ய முடியாது. காவல் துறை அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பாமலே ரத்து செய்திருந்தால், அது ஒன்றே நல்ல வாதம். மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். உத்தரவை மாதக்கணக்கில் பீரோவில் வைத்திருந்துவிட்டு வராதீர்கள். ‘ஏன் தாமதம்’ என்பதுதான் நீதிபதி கேட்கிற முதல் கேள்வியாக இருக்கும்.

சரிபார்ப்புக்கு வருகிறவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். அரசுப் பணிக்கான சரிபார்ப்பைக் கேட்பது அந்த அலுவலகம். உங்களிடம் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. விடுதலைத் தீர்ப்பின் நகல் ஒன்றை அவர் கையில் கொடுங்கள், வழக்கு முடிந்த தேதியை அறிக்கையில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நிறைய அறிக்கைகளில் குற்ற எண் இருக்கிறது, முடிந்த தேதி இருப்பதில்லை.